ஏழு நாள் ஆவி பிடித்தார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகம் போகிற வழியில், பச்சை வர்ணம் பூசிய ஒரு பழைய கட்டடத்தில் தென்மண்டல மூடநம்பிக்கை நீக்க வாரியம் இயங்கிவருகிறது. இயங்கிவருகிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது.

வாரியத்தின் கொள்கை மிக உறுதியானது. வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் இருப்புப் பதிவேட்டில் ‘காட்சிப் பொருள், காய்கறி வகை, ஒன்று’ என்று ஏறியிருக்கும். ஜீப் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குப் பெயர் சக்கர அழுத்தச் சோதனை. செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் நாலரை வரை எந்தக் கோப்பிலும் கையெழுத்து விழாது. அது ஆழ்ந்த சிந்தனை நேரம். மற்ற கிழமைகளில் அதே ஒன்றரை மணி நேரச் சிந்தனை வேறு வேறு வேளைகளில் வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வாரியம் சிந்திக்கிறது என்று ஊரில் சிலர் பேசிக்கொள்வது வெறும் பொறாமை.

இந்த வாரியத்தைப் பத்தொன்பது வருடங்களாகக் கூட்டிப் பெருக்கிவந்தவர் முத்தாத்தாள். செட்டியார்பட்டிக்காரர். காலையில் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். பத்தொன்பது வருடமும் தற்காலிகப் பணியாளர். அத்தனை வருடம் தற்காலிகமாக இருக்க ஒருவருக்கு அசாத்தியமான நிரந்தரம் வேண்டும்.

போன மாதம் சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. முத்தாத்தாளை முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் நிரந்தரம் செய்யலாம். தவறினால் அந்தப் பணியிடமே ரத்து. தொடர்புடைய கோப்புகள் எல்லாம் சென்னைக்குத் திரும்ப வேண்டும். ஒரே நிபந்தனை, கடைசி ஓராண்டில் எடுத்த விடுப்புக்குச் சான்று.

அவர் எடுத்தது ஒரே ஒரு விடுப்பு, ஏழு நாள். அதற்கும் வாரியமே காரணம். மக்களிடமிருந்து பறிமுதல் செய்த தாயத்து, வசிய மை, ராசிக்கல், மூன்றே நாளில் சர்க்கரையையும் மூட்டுவலியையும் கடன் தொல்லையையும் தீர்க்கும் லேகிய டப்பா எல்லாம் கிட்டங்கி அறையில் கூரை வரை அடுக்கியிருக்கும். அதைத் தூசு தட்டப்போய் மூக்கு அடைத்து, நெஞ்சில் சளி கட்டி, தலை அம்மிக்கல்லாகக் கனத்துப்போனது. ராஜபாளையத்தில் டாக்டர் சப்ரீனிடம் காட்டினார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், காலையும் மாலையும் ஆவி பிடிக்கச் சொன்னார். வாரியத்துக்குத் தமிழில்தான் சான்று வேண்டுமென்று முத்தாத்தாள் சொன்னதால், அழகான தமிழில் எழுதியும் கொடுத்தார்:

‘இவர் ஏழு நாள் ஆவி பிடித்தார். தற்போது நலம். பணியில் சேரலாம்.’

கண்காணிப்பாளர் ஐயாதுரை அதை வாங்கி வாசித்தார். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். இளநிலை உதவியாளராக இங்கேயே சேர்ந்து, இங்கேயே தலை நரைத்தவர். அவர் மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திறந்து யாரும் பார்த்ததில்லை. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பார். 

“ஏழு நாளா?”

“ஆமா சார். காலைல ஒருக்க, சாயந்தரம் ஒருக்க.”

“ரெண்டு நேரமும் வந்துச்சா?”

“வராம? போர்வையப் போத்திக் குனிஞ்சாப் போதும், குப்புன்னு மூஞ்சில அடிக்கும்.”

ஐயாதுரை நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஏதும் பேசுச்சா?”

“எது சார்?”

“சத்தம் கித்தம் குடுத்துச்சான்னு கேக்கேன்.”

“தட்டைத் தொறந்தாத் தளதளன்னு கேக்கும். செத்த நேரந்தான். ஆறிட்டாப் போயிரும்லா.”

ஐயாதுரை கோப்பில் எழுதினார்: ‘ஆறினால் போய்விடும் என்கிறார். ஆறாததன் காரணம் விசாரிக்கப்பட வேண்டும்.’

முத்தாத்தாளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. “ஐயோ சார், வெந்நி ஆவி. சட்டில நொச்சித்தழ போட்டுப் பிடிக்கிறது.”

“வெந்நின்னு இதுல எழுதலயே,” என்றார் ஐயாதுரை.  “எழுதாதத நான் எப்படி வாசிக்க?”

கோப்பு இணை இயக்குநர் கௌதம்ராஜிடம் போனது. மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆன இளைஞர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுவார்.

“வாரியத்தின் நிலைப்பாடு தெளிவானது,” என்றார். “ஆவி என்று ஒன்று கிடையாது. ஆகவே இந்தச் சான்றை ஏற்க முடியாது. ஏற்காவிட்டால் ஏழு நாளும் அனுமதியில்லாத விடுப்பு, பணி முறிவு, ஆர்டர் கிடையாது. ஏற்றுக்கொண்டால், பிடித்த ஆவி போய்விட்டதென்று இன்னொரு சான்று வேண்டும். அந்தச் சான்றை வழங்கத் தகுதியான அலுவலகம் நாம்தான். ஆனால் இல்லாத ஒன்று போய்விட்டதாக நாம் எப்படிச் சான்று வழங்குவது? வழங்கினால் வந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.”

“சார், வெந்நித் தண்ணி சார்,” என்றார் முத்தாத்தாள்.

“உணர்ச்சிவசப்படாதீர்கள் அம்மா. அறிவியல் மனப்பான்மையின் முதல் விதி, இரு தரப்பையும் கேட்பது. உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டோம்.”

மறுதரப்புக்கு நோட்டீஸ் தயாரானது.

‘ஆவி அவர்களுக்கு. தாங்கள் இல்லை என்பது வாரியத்தின் கொள்கை. அவ்வாறு இல்லையெனில் ஏன் இல்லை என்பதற்கும், இருப்பின் எந்த அனுமதியின் பேரில் இருக்கிறீர்கள் என்பதற்கும், ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தவறினால் தாங்கள் இருப்பதாகவே கருதி மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.’

முகவரி என்ற இடத்தில் ‘கடைசியாகத் தங்கியிருந்த இடம்: முத்தாத்தாள்’ என்று போட்டார்கள். பெறுநர் கையொப்பமிட்டு வாங்காத நோட்டீஸை அவர் கடைசியாகத் தங்கிய இடத்தில் ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. எனவே முத்தாத்தாளைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில், வாரிய முத்திரை நன்றாகத் தெரியும்படி ஒட்டினார்கள். ஏழு நாளைக்குக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் அரசு ஆவணச் சேதம்.

அன்று சாயந்தரம் ராஜபாளையம் பஸ்ஸில் முத்தாத்தாளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. மூன்று பேர் உட்காரும் இருக்கை முழுவதும் அவருக்கே கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக முதுகை வாசித்துவிட்டுப் படிக்கட்டில் போய்த் தொங்கினார்கள். கண்டக்டர் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவர் ஏறியதும் பாதி பஸ் இறங்கியது. மூன்றாம் நாள் நிலைமை மாறியது. தேவதானத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் மருமகளின் ஜாதகத்தோடு ஏறி, முத்தாத்தாள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

“எனக்கு ஒண்ணுந் தெரியாது தாயி. எனக்குச் சளி,” என்றார் முத்தாத்தாள்.

“அப்படித்தான் சொல்லுவிய. கவர்மெண்டே சீல் வச்சிருக்கு, பொய்யா இருக்குமா?”

ஐந்தாம் நாள் பஸ் நிலையத்தில் வரிசை நின்றது. தொலைந்த ஆடு, தகையாத கல்யாணம், திறக்காத மொபைல் என்று ஆளுக்கொரு குறை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து மக்கள் இவ்வளவு ஆர்வத்தோடு அதன் வெளியீடு எதையும் வாசித்ததில்லை.

செட்டியார்பட்டியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் முத்தாத்தாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். தெருவில் கதவுகள் அவர் வருவதற்கு முன்பே சாத்திக்கொள்ளும். காற்று இல்லாத சாயங்காலங்களில்கூட முதுகுக் காகிதம் மெல்லச் சரசரக்கும். நின்றால் அதுவும் நிற்கும். யாரோ பின்னாலேயே மூச்சு விட்டுக்கொண்டு வருவதுபோல் இருக்கும். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவை, “வாரதுன்னா முன்னால வந்து நட. எதுக்குப் பொறத்தால வாரே,” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, யாரிடம் சொன்னோம் என்று யோசித்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தார்.

எட்டாம் நாளும் ஆவியிடமிருந்து விளக்கம் வரவில்லை. வாரியம் அடுத்த கட்டமாக வல்லுநர் கருத்தைக் கேட்டது. தேவதானம் பக்கத்தில் பேயோட்டும் கோடாங்கி ஜெயபாண்டியை அழைத்துவந்தார்கள். ‘துறைசாரா ஆலோசகர்’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஜெயபாண்டி உடுக்கையை ஒரு தட்டு தட்டினார். முத்தாத்தாளின் கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். உடுக்கையைப் பைக்குள் வைத்துவிட்டார்.

“இதுக்கு நான் எதுக்கு சார். அந்தம்மாவுக்குத் தூசி சேரல. சளி. கருப்பும் இல்ல, காத்தும் இல்ல.”

“எந்த ஆய்வுமுறையின்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்றார் கௌதம்ராஜ்.

“இருவத்தெட்டு வருசமா இல்லாத பேயத்தான ஓட்டிக்கிட்டு இருக்கேன். இல்லன்னாப் பாத்ததும் எனக்குத் தெரியாதா?”

‘வல்லுநர் போதிய நம்பிக்கையுடன் பேசவில்லை’ என்று அவர் கருத்து நிராகரிக்கப்பட்டது. போகும்போது ஜெயபாண்டி ஐயாதுரையின் மேசை அருகே நின்றார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார், ஐயாதுரையைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு வேணா ஒரு நாளு வந்து உடுக்கை அடிக்கேன் சார். ஒங்களுக்குத்தான் என்னமோ இருக்கு.”

ஐயாதுரை அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

முப்பதாம் தேதி முத்தாத்தாள் மறுபடி ராஜபாளையம் போய் டாக்டர் சப்ரீன் முன்னால் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டு டாக்டர் சிரித்தார். முதுகைத் திருப்பிக் காட்டியதும் சிரிப்பு நின்றுபோயிற்று. காகிதத்தை ஈரப் பஞ்சால் நனைத்து, மெதுவாக உரித்து எடுத்தார்.

“கிழிச்சா ஆவணச் சேதம்னாக டாக்டரம்மா.”

“ஏழு நாளு கழிஞ்சிருச்சும்மா. நான் கிழிச்சேன்னு சொல்லுங்க, என்கிட்ட வரட்டும்.” புதுத் தாளை எடுத்தார். “இப்ப ‘நீராவி’ன்னே எழுதிடுதேன். பள்ளிக்கூடத்துப் பாடத்துலயே இருக்கிற வார்த்தை. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும் அவங்களுக்கு?”

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஐயாதுரை அந்தத் தாளை வாசித்தார். ‘இவர் ஏழு நாள் நீராவி பிடித்தார்.’ தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். 

“கெணறுன்னு எழுதியிருக்கா?” என்றார் கடைசியில்.

“எந்தக் கிணறு?” என்றார் கௌதம்ராஜ்.

யாருமே கிணற்றைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. 

“நீராவின்னா சார்... நீருல போன ஆவி,” என்றார் ஐயாதுரை. “பொறத்தால ஒரு கெணறு இருக்கு. அந்தக் காலத்துல உள்ளது. இப்ப இரும்புக் கிராதி போட்டு மூடியாச்சு.”

கௌதம்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அருமை. நீரில் இறந்தவர் என்றால் பெயர் இருக்கும், முகவரி இருக்கும், வாரிசு இருக்கும். நோட்டீஸை முறையாக அனுப்பலாம். பழைய கோப்புகளைக் கொண்டுவாருங்கள்.”

“பீரோச் சாவி காணாம்,” என்றார் ஐயாதுரை.

“ரெண்டு பீரோச் சாவியும் காலண்டருக்குப் பின்னால ஆணில தொங்குது சார்,” என்றார் முத்தாத்தாள். பத்தொன்பது வருடம் ஒட்டடை அடித்தவருக்குத் தெரியாத ஆணி அந்தக் கட்டடத்தில் இல்லை.

ஒரு பீரோவிலிருந்து ஒரு கோப்பு வந்தது: ‘வளாகக் கிணற்றில் அடையாளம் தெரியாத பெண்ணின் உடல்.’ மற்ற பீரோவிலிருந்து இன்னொன்று: ‘தற்காலிகத் துப்புரவுப் பணியாளர் வெள்ளத்தாய் சொல்லாமல் வேலையை விட்டு ஓடியது.’ இரண்டிலும் ஒரே தேதி. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இளநிலை உதவியாளர் ஐயாதுரையுடையது. வேறு வேறு பீரோவில் இருந்ததால் இரண்டு கோப்புகளும் பத்தொன்பது வருடமாக ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இப்போது கௌதம்ராஜின் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

முத்தாத்தாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். யாரும் கேட்கவில்லை, தானாகவே பேசினார்.

“மறுநாளு ஆயுத பூசை. ஜீப்பக் கழுவணும்னு தண்ணி எறைக்கச் சொன்னாக. நான் வேலைக்கு வந்து நாலாம் நாளு. கயித்துச் சகடை போட்டிருந்த கட்டை முறிஞ்சு, வெள்ளத்தாக்கா வாளியோட உள்ள போயிட்டா. ‘ஏட்டி, கயித்தப் பிடி’ன்னுதான் கடைசியாச் சொன்னா. பிடிச்சேன். கயிறுதான் வந்துச்சு.”

“வாரியத்தில் ஆயுத பூஜை நடப்பதில்லையே,” என்றார் கௌதம்ராஜ், பழக்கத்தில். அவர் கம்ப்யூட்டரின் மேல் போன ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

“அதான் சார். நடக்காத பூசைக்குத் தண்ணி எறைக்கப்போயி யாரும் சாவ முடியாதுல்ல. ஓடிட்டான்னு எழுதிட்டாக. நான் சொன்னேன், தற்காலிகம் சொன்னாச் சாட்சி ஆவாதுன்னுட்டாக. அக்கா மக கல்பனாவுக்கு அப்ப ஒம்பது வயசு. கான்சாபுரத்துலருந்து அம்மாவத் தேடி வந்துச்சு. இந்தக் காயிதத்தத்தான் வாசிச்சுக் காட்டி அனுப்புனாக. நான் பொறவாலயே போயி நெசத்தச் சொன்னேன். ஊரு நம்பல. காயிதத்த நம்புச்சு. இன்னைக்கும் அது ஓடிப்போனவ மகதான்.”

கௌதம்ராஜ் இரண்டு தேதிகளையும் மறுபடி பார்த்தார். ஆவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் கிடைத்தால் அது பணியிலிருந்தபோது இறந்தது தெரியவரும். எந்தப் பணி என்ற கேள்வி வரும். பூஜை வரும். பூசணிக்காய் வரும். எலுமிச்சம்பழம் வரும். அந்த நிமிடத்தில்தான், தொடங்கி இத்தனை வருடத்தில் முதல் முறையாக, வாரியத்துக்குள் அறிவியல் நுழைந்தது.

“நண்பர்களே,” என்றார் எழுந்து நின்று. “நீரைச் சூடாக்கினால் நூறு டிகிரி செல்சியஸில் அது வாயுவாக மாறுகிறது. அதற்குப் பெயர் நீராவி. மூக்கடைப்புக்கு அதைச் சுவாசிப்பது சாதாரண வைத்தியம். இதில் பேய்க்கு என்ன வேலை? இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு படித்த மனிதர் இதைத் தவறாக வாசிக்க முடியுமா?” கரும்பலகையில் ஒரு சட்டியும் அதிலிருந்து மேலே போகும் மூன்று கோடுகளும் வரைந்தார். ஊழியர்கள் கைதட்டினார்கள். ஐயாதுரையும் தட்டினார், சத்தம் வரவில்லை.

மாலை ஐந்தே கால் மணிக்கு முத்தாத்தாளை உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் நிரந்தரப் பணி ஆணை தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பக்கத்தில் இன்னொரு தாள்.

“இரண்டே வரிதான் அம்மா,” என்றார் கௌதம்ராஜ். குரலில் தேன். “இதில் நீங்கள் போட்டால், அதில் நான் போடுகிறேன். ஒன்று: நான் பிடித்தது வெந்நீர் ஆவி மட்டுமே. இரண்டு: வெள்ளத்தாய் என்பவர் வளாகக் கிணற்றில் இறந்ததாக எனக்கு எதுவும் தெரியாது.”

“மொத வரிய இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தார். முத்தாத்தாள் பேனாவை வாங்கி, முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் நெருக்கி நெருக்கித் தன் பெயரை எழுதினார்.

“கீழே போட வேண்டும் அம்மா.”

“மொத வரி நெசம். அதுக்குக் கீழதான் போட்டிருக்கேன்.”

“இரண்டாவதுக்கு?”

“அது நெசமில்லயே சார்.”

“அப்படியானால் ஆர்டர் கிடையாது,” என்றார் கௌதம்ராஜ். தேன் தீர்ந்துவிட்டது. “பத்தொன்பது வருடம் போய்விடும். யோசித்துக்கொள்ளுங்கள்.”

முத்தாத்தாள் பேனாவை மூடி மேசையில் வைத்தார். 

“சரி சார். அப்ப ஆவி பிடிச்சுதுன்னே இருக்கட்டும். ஆர்டரு போடலன்னா இந்தக் கோப்பு அம்புட்டும் இன்னைக்கே சென்னைக்குப் போகணும்னு உத்தரவுல இருக்குன்னு நீங்கதான சொன்னிய. நோட்டீசும் போகும், இந்த ரெண்டு கோப்பும் போகும். யாரு ஆவின்னு அங்க கேப்பாகள்ல. சொல்லுதேன்.”

சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிணற்றின் இரும்புக் கிராதி ஒரு முறை கிணுங்கியது. அணில் ஓடியிருக்கலாம். அந்தப் பக்கம் அணில்கள் நிறைய. ஐயாதுரை மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“போட்டுருங்க சார்,” என்றார். “போட்டு முடிச்சு விட்ருங்க. இதுக்கு மேல என்னால முடியாது.”

ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கௌதம்ராஜ் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்கள். முத்தாத்தாள் ஆணையை வாங்கி மை காயும் வரை ஊதினார். நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“நான் இப்பம் நிரந்தரந்தான சார்?”

“ஆமாம்.”

“இந்த நிமிசத்துலருந்தா?”

“ஆமாம் அம்மா. வீட்டுக்குப் போங்கள்.”

“அப்ப நான் சொன்னாச் சாட்சி ஆவும்.”

அவர் ஐயாதுரைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்க சார். எனக்குப் பேரு மட்டுந்தான் எழுத வரும். அதக் கடைசில போடுதேன்.”

ஐயாதுரை கௌதம்ராஜைப் பார்த்தார். கௌதம்ராஜ் கரும்பலகைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாதுரை பேனாவைத் திறந்தார்.

“காலைல பத்து, பத்தரை இருக்கும். அக்கா கையில வாளி, என் கையில கயிறு. ஜீப்பு அந்தா அங்க நிக்கி...”

அதே கையெழுத்து தாளில் மெதுவாக நகர்ந்தது. ஒரு வரி, இரண்டு வரி. மூன்றாம் வரியில் பேனா நின்றது.

“இறந்தவர்னு ஒரு இடம் வருது,” என்றார் ஐயாதுரை, தலை நிமிராமல். “என்னன்னு போட?”

“அடையாளம் தெரிஞ்ச பொம்பளன்னு போடுங்க,” என்றார் முத்தாத்தாள். “பேரு ஒங்களுக்கே தெரியும்.”